எங்கள் குறிஞ்சி போரிவலியில் பூத்தது

நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவினர் மும்பைப் பள்ளி நினைவாக ஏதாவது எழுதச் சொன்னபோது, தாராவிச் சந்துகளையும் கணபதி விசர்ஜனத்தையும் எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு மலைதான் ஞாபகம் வருகிறது.

ஒன்பதாம் வகுப்பில் தமிழ் சார் ஐந்திணை நடத்தினார். "மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி" என்று கோரஸாக ஒப்பிப்போம். ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரைகள். கோடை லீவுக்குத் திருநெல்வேலி போகிறவர்களும் மலையை ரயிலிலிருந்து பார்த்ததோடு சரி. அது 2008, கார்வி என்கிற மலைச்செடி பூக்கிற வருடம். மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சார் எங்களை மாஹிமில் ஸ்லோ லோக்கலில் ஏற்றி, போரிவலி தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்.

சரிவு முழுக்க ஊதா. ஆளை மறைக்கும் உயரம், சொரசொரவென்ற இலை. பூங்கொத்தைத் தொட்டால் விரலெல்லாம் பிசுபிசுப்பு. "நீலகிரிக் குறிஞ்சியும் இதுவும் ஒரே குடும்பம்டா. அது பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இது எட்டு. பூத்துக் காய்த்ததும் செடியோட கதை முடிஞ்சுது" என்றார். காய்ந்த காய்கள் அடுத்த மழைவரை செடியிலேயே காத்திருக்குமாம், ஈரம் பட்டதும் பட்பட்டென்று வெடித்து விதையைத் தெறிக்குமாம். வார்லி பழங்குடி மக்களின் குடிசைச் சுவர்கூடக் கார்விக் குச்சிகளை வரிசையாகக் கட்டி மண் பூசியதுதான் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டோம். திணைக்குக் கருப்பொருள், அதாவது அந்த நிலத்தின் பூ, விலங்கு, உணவு எல்லாம், எழுதச் சொன்னால் அதன்பிறகு எவனும் மனப்பாடமாக எழுதவில்லை. ஒருவன் மும்பைத் தெருத்தீனியான வடாபாவையே சேர்த்து எழுதினான்.

வேலைக்குப் போன பிறகு, அதே வகுப்பு நண்பர்களோடு மகாராஷ்டிரத்தின் சாத்தாராவுக்கு மேலே காஸ் பீடபூமிக்குப் போனேன். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,200 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். கோடையில் வெறும் கறுத்த செம்பாறைதான். அதன்மேல் சாணி மெழுகினாற்போல் கொஞ்சம் மண். அந்தக் கொஞ்ச மண்ணில்தான் ஆகஸ்ட் கடைசியிலிருந்து மஞ்சள் சோன்கியும் இளஞ்சிவப்புத் தேர்டாவும் போர்வை விரிக்கின்றன.

குனிந்து பார்த்தால்தான் விஷயமே. சீதையின் கண்ணீர் என்று மராத்திக்காரர்கள் சொல்லும் பூ, சுண்டுவிரல் நகமளவு நீலம். சாதுவாகத் தெரியும், ஆனால் ஈரமண்ணுக்குள் குட்டிக் குட்டிப் பைகள் வைத்துப் பூச்சி பிடிக்கும். பாறை மண்ணில் நைட்ரஜன் போதாது, வேறென்ன செய்யும்? இப்போது முன்பதிவும் கட்டணமும் உண்டு. அப்படியும் பூவை மிதித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பவர்கள் குறையவில்லை.

போட்டோவைப் பார்த்த அம்மா, "காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலுக்கு, ஆடி அமாவாசைக்கு நடந்து போற வழி மாதிரி இருக்கே" என்றாள். அது அடர்ந்த காடு, இது மரமே இல்லாத மேடு. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பச்சை என்றாலே அவளுக்கு அந்தக் கோயில் பக்கத்துப் பாபநாசம்தான்.

இப்போது நான் இருப்பது சுவிட்சர்லாந்தில். ஆப்பென்ஸெல் பக்கம் கோடை முழுக்க மலைப் புல்வெளியில் மேய்ந்த மாடுகளை, இலையுதிர் காலத் தொடக்கத்தில் பெரிய மணிகள் கட்டி ஊர்வலமாக இறக்குவார்கள். வீடியோ காலில் காட்டினால் சொந்தக்காரர்களுக்கு டூயட் பாட்டுதான் நினைவுக்கு வரும். எனக்குக் காஸ். இங்குள்ள புல்வெளி செழிப்பாக, வெட்டிச் சீவின மாதிரி இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பாறையில் ஒட்டிக்கொண்டு, கிடைத்த இரண்டு மாதத்தில் பூத்து முடிக்கும் அந்த அவசரம் இதற்கில்லை. உங்கள் சொந்த நிலம் எது என்று இங்கே கேட்பவர்களிடம், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மகாராஷ்டிரத்தில் வழங்கும் பெயரான சஹ்யாத்திரி என்கிறேன். தமிழனாயிற்றே என்று விழிக்கிறார்கள்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. கார்வி 2016லும் 2024லும் பூத்தது, நம்மில் பலர் தவறவிட்டோம். அடுத்தது 2032. டிசம்பரில் ஹால் பிடித்துக் கூடுவதை அந்த ஒரு வருடம் மட்டும் செப்டம்பருக்கு மாற்றினால் போரிவலியிலேயே கூடலாம். வளைகுடாவில் இருப்பவர்கள் லீவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். வடாபாவ் செலவு என்னுடையது.