பூசலாமா தம்பின்னு கேட்டாங்க

கேண்டீன் அக்கா கேட்டது ஒரே கேள்வி, நான் சொன்னதும் ஒரே வரிதான். ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மனசு அதையே போட்டு உருட்டுது.

பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க காலேஜ் லேப்ல அப்ப முறிகூட்டி ப்ராஜெக்ட் ஓடிட்டிருந்துச்சு. இந்தப் பக்கம் மலையாளி வீடோ தமிழ் வீடோ கிணத்தடியில கிடக்குற செடிதான், இலைக்கு அடிப்பக்கம் கத்திரிப்பூ கலர்ல இருக்கும், வெட்டுப்பட்டா கசக்கிப் பிழிஞ்சு விட்ருவாங்க. அன்னிக்குக் காலையில இன்குபேட்டரைத் திறந்தா ஸ்டஃபைலோகாக்கஸ்ங்கிற கிருமி வளத்த ப்ளேட்ல, இலைச்சாறு விட்ட குழியைச் சுத்தி கிருமி வளராம பளிச்சுன்னு வட்டம். ஸ்கேல் வச்சு அளந்தேன், 17 மில்லிமீட்டர். சாறைக் கரைச்ச டிஎம்எஸ்ஓ திரவத்தை மட்டும் விட்ட குழியில ஒண்ணுமில்ல, அப்ப கிருமியத் தடுத்தது இலைதான்னு ஒரே குஷி. பக்கத்து ப்ளேட் சூடோமோனாஸ், அது வேற கிருமி. அதுல வட்டமே கிடையாது, பாய் விரிச்ச மாதிரி மூடி வளந்து கிடந்துச்சு. அதையும் நோட்ல எழுதினேன். ஆனா டீக்குப் போனப்ப வாயில வந்தது 17 மட்டும்தான்.

அக்காவுக்கு முந்தின நாள் பழம்பொரி போடும்போது எண்ணெய் தெறிச்சு முழங்கைக்குக் கீழ கொப்புளம். "நீ அந்த எலையத்தான ஆராய்ச்சி பண்ற, இதுக்குப் பூசலாமா தம்பி?"

"பூசுங்கக்கா, ஒண்ணும் ஆகாது."

நாலஞ்சு நாள்ல கட்டுத்துணி பச்சையா நனைஞ்சு ஒரு மாதிரி இனிப்பு வாடை. எனக்கு அந்த வாடை தெரியும், சூடோமோனாஸ் ப்ளேட் மூடியைத் தூக்கினா அதேதான். பக்குனு ஆச்சு. ஆஸ்பத்திரியில கழுவி தீப்புண்ணுக்குப் போடுற சில்வர் சல்ஃபடயசின் க்ரீம் போட்டாங்க, ஆறிருச்சு, தழும்பு மட்டும் இருக்கு.

நான் வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் அவங்க பூசியிருப்பாங்க, அவங்கம்மா காலத்துல இருந்து பூசுறதுதான, இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிறேன். அப்புறம் உடனே தோணும், லேப்ல நாங்க காய வச்ச இலையை சாறு இறக்குற சாக்ஸ்லெட் கருவியில மெத்தனால் விட்டு மணிக்கணக்கா ஓட்டி, மெத்தனால ஆவியாக்கி, மிச்சத்தைக் கரைச்சு மில்லிக்கு 100 மில்லிகிராம்னு விட்டோம், அக்கா கிணத்துத் தண்ணியில அலசி அம்மியில அரைச்சாங்க, ரெண்டும் ஒண்ணா? சூடோமோனாஸ் குடியிருக்கிறதே ஈரத்துலயும் தண்ணியிலயும்தான். அதுக்கு வெளிச்சுவர் ஒண்ணு கூடுதல், உள்ள போற மருந்தையும் வெளிய தள்ளிரும், இதெல்லாம் எனக்குத் தெரியாம இல்லையே. இலையே சும்மான்னு நான் சொல்ல வரல, வல்லாரையில இருக்குற ஏசியாட்டிகோசைடை புண் ஆத்துற க்ரீம்லயே போடுறாங்க. ஆனா ப்ளேட்ல தோல் கிடையாது, ரத்தம் கிடையாது, கொப்புளம் கிடையாது, அது கிருமி வளக்குற வெறும் அகர் ஜெல்லி.

சரி, கிருமி இலையில இருந்துதான் வந்துச்சா? மூணு நாளா மாத்தாத துணியில இருந்தும் வந்திருக்கலாம். அக்காவே, "எல மேல தப்பில்ல, நாந்தான் துணிய மாத்தல"ன்னுதான் இன்னைக்கும் சொல்றாங்க. அதைக் கேட்டா நிம்மதி வரணும், வரல.

போன மாசம் அவங்க பேரனுக்கு சைலன்சர் சுட்டுருச்சு. இருபது நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டுங்க, அப்புறம் ஆஸ்பத்திரி போங்க, எலை வேண்டாம்னேன்.

"அன்னிக்கு நீதான பூசச் சொன்ன?"

கோபமா கேக்கல, சும்மாதான் கேட்டாங்க. நான் டீ கிளாஸைப் பாத்துட்டே நின்னேன், அவங்க குழாயத் திறந்து விட்டாங்க.