என்ஜின்எக்ஸ் மேல் தப்பில்லை

மூன்று ராத்திரி, என்ஜின்எக்ஸ் (வெளியிலிருந்து வரும் இணையக் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் மென்பொருள்) கன்ஃபிக் கோப்பைத் திருத்தித் திருத்தியே விடிந்தது. கடைசியில் பார்த்தால் முதல் கோளாறு என் வீட்டுக்குள்ளேயே இல்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் ஒரு பழைய மடிக்கணினியில் டாக்கர் (ஒவ்வொரு மென்பொருளையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டுவது) போட்டு, நம் வீடியோக்களை மற்றக் கருவிகளில் பார்க்க உதவும் ஜெல்லிஃபினை ஓட்டுகிறேன். அப்பா எடுத்த வீடியோ டேப்புகளை மாற்றி அதில் ஏற்றியிருந்தேன். பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்கா அவர் வீட்டு டிவியில் பார்க்க வேண்டும். டொமைன் என்ற இணையப் பெயர், ரிவர்ஸ் புராக்ஸியாக என்ஜின்எக்ஸ் எல்லாம் அதற்குத்தான். வீட்டு வைஃபையில் ஜெல்லிஃபினின் 8096 போர்ட்டில் (கதவு எண் மாதிரி) படம் உடனே வந்தது.

ரவுட்டரில் 80, 443 இரண்டையும் திறந்தேன். பாதுகாப்பான https இணைப்புக்கு வேண்டிய லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் மட்டும் வரவே இல்லை, டைம் அவுட். பதற்றத்தில் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை தோற்றால் தடுத்துவிடுவார்கள். தயவுசெய்து முதலில் அவர்களுடைய ஸ்டேஜிங் என்ற ஒத்திகை சர்வரில் சோதித்துப் பாருங்கள்.

இணையச் சேவை கொடுப்பவர்களுக்கு போன் போட்டேன். 40 நிமிடம் காத்திருந்ததற்குக் கிடைத்த பதில்: "லைன் நல்லா இருக்கு, ரவுட்டரை அடைச்சுப் போட்டுப் பாருங்க." மறுநாள் காலை பசியாறிக்கொண்டே ரவுட்டர் பக்கத்தைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது, வேன் (WAN, ரவுட்டரின் வெளிப்பக்க) முகவரி 100.72 என்று தொடங்கியிருந்தது. 100.64 முதல் 100.127 வரை எது இருந்தாலும் அது சிஜிநாட். பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரே வெளி முகவரி. அப்புறம் நான் எந்தக் கதவைத் திறந்து வைத்து என்ன, வெளியிலிருந்து யாராலும் அதுவரை வரவே முடியாது. மறுபடி கூப்பிட்டு, "எனக்குப் பப்ளிக் ஐபி வேண்டும்" என்று, வீட்டுக்கென்றே தனி வெளி முகவரியைப் பெயர் சொல்லிக் கேட்டேன். மறுநாளே கொடுத்தார்கள். இதை முதல் ஆளே சொல்லியிருக்கலாம்!

சான்றிதழ் வந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தால் 502, அதாவது பின்னால் இருக்கும் சர்வரிலிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை. என்ஜின்எக்ஸ் லாகில் (பதிவுக் கோப்பில்) ஒரே வரி: 111, கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட். கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் புராக்ஸி பாஸ் வரியில் 127.0.0.1:8096 என்று எழுதியிருந்தேன். என்ஜின்எக்ஸும் டாக்கருக்குள்தான் இருக்கிறது. அங்கே 127.0.0.1 என்றால் அந்தக் கன்டெய்னரே, மடிக்கணினி இல்லை. இரண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் சேர்த்து, எண்ணுக்குப் பதிலாக ஜெல்லிஃபின் கன்டெய்னர் பெயரைப் போட்டேன். முகப்புப் பக்கம் திறந்துகொண்டது. அந்த ராத்திரி 2 மணிக்கு நான் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

சோதிக்கும்போது கைப்பேசி வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். சில ரவுட்டர்கள் வீட்டுக்குள்ளிருந்து நம் டொமைனுக்கே போக விடாது. அந்த வைஃபை சோதனையை நம்பி ஒரு மணி நேரம் வீணாக்கினேன். தொடர்ந்து திறந்திருக்கும் இணைப்பான வெப்சாக்கெட்டுக்கு, என்ஜின்எக்ஸ் கன்ஃபிக்கில் அப்கிரேட், கனெக்‌ஷன் என்ற இரண்டு ஹெடர்களும் வேண்டும். ஜெல்லிஃபின் அமைப்பில் நோன் புராக்ஸீஸ் என்ற இடத்தில் என்ஜின்எக்ஸைக் குறிப்பிடாவிட்டால், யார் நுழைந்தாலும் ஒரே முகவரிதான் காட்டும். அவசரத்துக்குக்கூட 8096-ஐ நேராக வெளியே திறந்துவிடாதீர்கள். அந்த வழியில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே போகும்.

சனிக்கிழமை இரவு அக்கா போன் செய்தார். "தம்பி, பாட்டி பால்குடம் எடுத்துக்கிட்டுப் பத்துமலைப் படி ஏறுறாங்கடா. குரல்கூடக் கேக்குது." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நான் லைனிலேயே இருந்தேன்.