மதியம் முக்கால் மணி நேரச் சவாரி: பதினான்கு வாரக் கணக்கு

குளிர்காலத்தில் வேலைக்குக் கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. போன வருடம் இதையே சாக்காக வைத்து மூன்று மாதம் சைக்கிளைத் தொடவில்லை. அதற்கப்புறம் முதல் மேட்டில் ஏறியபோது எனக்கு இரைத்த இரைப்பை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அதனால் இந்தத் தடவை வெளிச்சம் இருக்கும் ஒரே ஓய்வு நேரமான மதிய இடைவேளையைப் பிடித்துக்கொண்டேன். வாரம் மூன்று நாள், பதினான்கு வாரம் என்பது திட்டம்.

தொடங்குமுன் ஓர் அளவுகோல் வேண்டுமே. அலுவலகத்திலிருந்து 3 கி.மீ. தள்ளி ஒரு மேடு இருக்கிறது. கீழே பாலத்திலிருந்து மேலே தண்ணீர்த் தொட்டி வரை தம் பிடித்து மிதித்ததில் 7 நிமிடம் 48 விநாடி. அதை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டு வைத்தேன்.

முதல் வாரம் சொதப்பல். ஒரு மணி நேர இடைவேளையில் உடை மாற்றவே 12 நிமிடம். ஒரு சாக்ஸ் கிடைக்கவில்லை, பம்பு காரில் இருந்தது, ஹெல்மெட் பட்டி சிக்கிக்கொண்டது. ஓட்டியது 24 நிமிடம்தான். குளிருக்குப் பயந்து நான்கு அடுக்கு போட்டிருந்தேன். பத்தாவது நிமிடம் உள்ளே வியர்வையில் நனைந்து, பிற்பகல் முழுக்க நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தேன். வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிரவில்லை என்றால் அதிகமாகப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். உள்ளே மெல்லிய கம்பளிப் பனியன், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட், உடம்புக்கு அவ்வளவு போதும். காசைக் கையுறைக்கும் காலுறைக்கும் காது மூடிக்கும் செலவழியுங்கள். உள்ளுறுப்புகளின் சூட்டைக் காக்க உடம்பு முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். பந்தய வீரர்கள் மலை இறங்குமுன் சட்டைக்குள் செய்தித்தாள் செருகிக்கொள்வார்களே, அதையும் செய்து பார்த்தேன். காற்று நிற்கிறது. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சுக்குள் சரசரவென்று சத்தம் கேட்டது, எடுக்க மறந்திருக்கிறேன்.

இரண்டிலிருந்து நான்காம் வாரம் வரை ஒரு நாள் தவறாமல் போனேன். 35 நிமிடம், நிதானமாக, வேடிக்கை பார்த்துக்கொண்டே. சுகமாக இருந்தது. நான்காம் வாரக் கடைசியில் மேட்டில் நேரம் பார்த்தால் 8 நிமிடம் 9 விநாடி. ஒழுங்காகப் போயும் 21 விநாடி போயிருக்கிறது!

கடுப்பில் தேடிப் படித்தபோது ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980களில் செய்த சோதனைகள் கண்ணில் பட்டன. சைக்கிளும் ஓட்டமுமாகத் தினம் 40 நிமிடம், வாரம் 6 நாள், 10 வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்துவிட்டு, அடுத்த 15 வாரம் அதைக் குறைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு சோதனையில் நாட்களை 4 ஆகவும் 2 ஆகவும் குறைத்தார். இன்னொன்றில் நேரத்தை 26 நிமிடமாகவும் 13 நிமிடமாகவும் குறைத்தார். இரண்டிலும் உடம்பு ஆக்சிஜனை உள்வாங்கும் உச்சத் திறன் அப்படியே நின்றது. மூன்றாவது சோதனையில் நாளையும் நேரத்தையும் தொடாமல் உழைப்பின் தீவிரத்தை மட்டும் குறைத்தார். திறன் சரிந்துவிட்டது. மூன்று வாரமாக நான் செய்துகொண்டிருந்தது இந்த மூன்றாவது வேலையைத்தான்.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஆட்டத்தை மாற்றினேன். மேடு வரை பத்து நிமிடம் மெல்லச் சூடேற்றிக்கொள்வது. பிறகு 3 நிமிடம் முழு வேகம், 3 நிமிடம் ஓய்வு, இப்படி நான்கு தடவை. முதலில் மேட்டிலேயே செய்தேன். ஏறும்போது வியர்த்து, இறங்கும்போது அந்த வியர்வை குளிர்ந்து, பல் தந்தியடித்தது. காற்றே இல்லாத நாளிலும் 30 கி.மீ. வேகத்தில் இறங்கினால் 30 கி.மீ. காற்று முகத்தில் அடிக்கிறதே. பிறகு சமதளத்துக்கு மாறிவிட்டேன். போகும்போது எதிர்காற்று, உழைப்பெல்லாம் அதில். திரும்பும்போது காற்று முதுகில். இதை மட்டும் தலைகீழாகச் செய்துவிடாதீர்கள், நனைந்த சட்டையோடு எதிர்காற்றில் திரும்புவது தண்டனை.

வேகமானியைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். 20 டிகிரியைவிட 0 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 7 சதவீதம் கூடுதல். அதே மிதிக்கு வேகம் குறையத்தான் செய்யும். நான் எண்கள் மேல் டேப் ஒட்டிவிட்டேன். இதயத்துடிப்பு மானியும் 3 நிமிட உழைப்புக்குச் சரிவராது, துடிப்பு ஏறி வருவதற்குள் பாதி முடிந்துவிடும். இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாத மூச்சு, அதுதான் என் கணக்கு. டயரிலும் இதே கதைதான். கதகதப்பான அறையில் 70 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்துவிட்டு 0 டிகிரிக்கு வெளியே போனால் அது 64 ஆகிவிடும். ஈரச் சாலைக்கு அது நல்லதே என்று விட்டுவிட்டேன்.

ஏழாம் வாரம் பஞ்சர். விறைத்த விரலால் டயரைக் கழற்றுவது எப்படி என்று கேட்காதீர்கள், ஒரு கட்டத்தில் பல்லால் இழுக்கலாமா என்று யோசித்தேன். 20 நிமிடம் தாமதமாக, சைக்கிள் டிரௌசரோடு வீடியோ கூட்டத்தில் உட்கார்ந்தேன். இடுப்புக்குக் கீழே யாருக்கும் தெரியவில்லை.

ஒன்பதாம் வாரம் விழுந்தேன். வெப்பமானி 3 டிகிரி காட்டியது, சாலை காய்ந்துதான் இருந்தது. பாலத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம். அடியிலும் காற்று போவதால் பாலம்தான் முதலில் உறையும் என்பது முழங்கை வீங்கிய பிறகுதான் உறைத்தது. அதன்பின் சந்தேகமான நாட்களில் அலுவலகப் படிக்கட்டு. அலுப்புதான், ஆனால் மூச்சு வாங்கும்.

இத்தனைக்கும் மேல், சவாரி நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்தது முந்தின இரவுதான். பை தயாராக வாசலில் இருந்தால் போனேன், இல்லையென்றால் இல்லை. இரவே எல்லாவற்றையும் போடும் வரிசையில் அடுக்கி வைத்ததில் உடை மாற்றும் நேரம் 5 நிமிடத்துக்கு இறங்கியது. சாப்பாட்டைச் சவாரிக்குப் பின் மேசையிலேயே வைத்துக்கொண்டேன். முன்னால் சாப்பிட்டுவிட்டு 3 நிமிட உழைப்பில் இறங்கிய ஒரு நாளைப் பற்றி எழுத விருப்பமில்லை.

42 சவாரிக்குத் திட்டமிட்டதில் நடந்தது 31. ஏழு சவாரியை அலுவலகக் கூட்டங்கள் தின்றன, மூன்றைப் பனி, ஒன்று சுத்தச் சோம்பேறித்தனம்.

பதினான்காம் வாரம் அதே மேடு, கனத்த உடுப்போடு: 7 நிமிடம் 55 விநாடி. மூன்று மாதக் குளிரில் இழந்தது 7 விநாடி. தலைகால் புரியாமல் அந்த ஞாயிறே 90 கி.மீ. கிளம்பிவிட்டேன். 55 கி.மீ. வரைக்கும் ராஜா. அதற்குப் பிறகு தொடை கல்லாகி, கடைசி 20 கி.மீ. சின்னக் கியரில் ஊர்ந்து வந்தேன். வீட்டுக்கு வந்து ஹிக்சன் கட்டுரைக் குறிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தால், அதுவும் அங்கேயே இருக்கிறது. 13 நிமிடக் குழுவுக்கு உச்சத் திறன் நின்றாலும் நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பது மட்டும் இறங்கியிருந்தது. முதல் தடவை எனக்குப் பிடித்த வரியோடு நிறுத்திவிட்டேன் போல.

அடுத்த குளிருக்கு மதியச் சவாரி இதே மாதிரிதான். கூடவே இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம், நிதானமாக. பையிலிருந்து கனத்த கையுறையை எடுத்து உள்ளே வைத்தாயிற்று. மெல்லியது இன்னும் வாசலில்தான் கிடக்கிறது, நாளைக் காலை 4 டிகிரியாம்.