மூன்றாம் லைனும் மதிய வெக்கையும்

2025 ஏப்ரல் 2, புதன்

கார்மென்ட் ஃபெக்டரியில் ஒவ்வொரு தையல் லைனும் எத்தனை துண்டு முடித்தது என்று மணிக்கொரு தரம் போர்ட்டில் எழுதுவது என் வேலை. மூன்றாம் லைன் டார்கெட் மணிக்கு 65. பத்து மணிக்கு 62 எழுதினேன். இரண்டு தொடக்கம் மூன்று வரை 47. "சோறு தின்டுட்டுத் தூங்குறீங்களா?" என்று சூப்பர்வைசர் மிஸ் ஏசினார். சோறு எல்லா லைனும்தானே தின்றது? முதலாம் லைன் 58 போட்டது. மூன்றாம் லைனுக்குப் பின்னால்தான் அயன் மேசைகள். தலைக்கு மேலே தகரம்.

ஏப்ரல் 7, திங்கள்

இந்தக் கிழமை சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில். மதியம் வாசலில் நின்றால் நிழல் செருப்போடு ஒட்டிக்கிடக்கிறது. ஆனாலும் இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைக் கொல்வது. காற்றே ஈரம், வேர்வை காய்வதில்லை. அது காயாமல் உடம்பு ஆறாது. ஃபேன் அயன் ஆவியைத்தான் சுற்றிச் சுற்றித் தருகிறது.

காலர் தைக்கும் அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துண்டை எடுக்குமுன்னும் உள்ளங்கையைப் பாவாடையில் துடைக்கிறார். வெள்ளைத் துணி, ஒரு சொட்டு விழுந்தாலும் ரிஜெக்ட். துடைக்க மூன்று செக்கன். 65 துண்டுக்கு மூன்று நிமிடத்துக்கு மேலே போகிறது. ஸ்டொப் வாட்ச் பிடித்து டார்கெட் போட்டது ஜனவரியில். அப்போது யாருக்கும் கை வேர்க்கவில்லை.

அவருடைய தண்ணிப் போத்தல் காலையில் நிரப்பியபடியே இருந்தது. "குடிச்சா டொய்லெட் போகணும், போனா மிஸ் கணக்குப் பார்ப்பா. ரெண்டு நாளா ஒண்ணுக்குப் போனா எரியுது தங்கச்சி."

ஏப்ரல் 8, செவ்வாய்

வேலைக்கு நேரம் பிடித்து டார்கெட் போடுகிற வேர்க் ஸ்டடி தம்பி ஒன்று சொன்னான். பெங்களூர்ப் பக்கம் கார்மென்ட்களில் கரண்ட் மிச்சம் பிடிக்க டியூப்லைட்டைக் கழற்றி எல்இடி போட்டார்களாம். எல்இடி சூடு குறைவு. வெக்கை நாட்களில் விழுகிற உற்பத்தியில் பெரும்பங்கு அதனாலேயே திரும்பிவிட்டதாம். எங்கள் மெஷின்களுக்கு மேலே இன்னும் டியூப்லைட்தான். மிஸ்ஸிடம் சொன்னேன். "பெங்களூர் வேற, கொழும்பு வேற." வேறுதான். அது 900 மீட்டருக்கு மேலே உள்ள மேட்டு ஊர், அங்கேயே இப்படியென்றால்?

அயன் மேசைகளையாவது சுவரோரம் தள்ளலாமே என்றேன். பதில் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

மதியம் 45. மிஸ் லைன் முழுக்க நடந்து நடந்து ஏசினார். மூன்றரைக்கு இடி, பிறகு தகரமே கிழிகிற மாதிரி மழை. அக்கா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி ஒரு மிடறு தண்ணி குடித்தார். நாலு தொடக்கம் ஐந்து வரை 61.

போர்ட்டைப் பார்த்துவிட்டு மிஸ் சொன்னார்: "பார்த்தியா, ஏசினாத்தான் வேலை நடக்கும்."