முதலாம் ஆண்டு வகுப்பறைக் குறிப்புகள், பெற்றோருக்கு: பினாங்கு, மலேசியா

பிப்ரவரி 19, 2025, புதன்

பள்ளி திறந்து மூன்றாம் நாள். இன்று யாரும் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவில்லை. மேசைக்கு ஒரு தட்டு, தட்டில் ரவா, எழுத ஆட்காட்டி விரல். ஓர் எழுத்து எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது முதலில் விரலுக்குப் பழக வேண்டும். பென்சில் பிறகு வரட்டும்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். விளிம்புள்ள தட்டாக எடுங்கள். ரவா அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் வேண்டாம். கூடிப்போனால் இழுத்த கோடு சரிந்து மூடிக்கொள்ளும், பிள்ளையும் அழுத்தி அழுத்திப் பெரிதாக எழுதும். அரிசி மாவு சரிவராது. விரலில் ஒட்டும், நம் ஊர் ஈரக்காற்றில் கட்டி தட்டும். தட்டின் அடியில் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டால் எழுத்து பளிச்சென்று தெரியும்.

முதலில் ட, ப, ம. அகர வரிசையில் முதலில் வருவதால் அ எளிய எழுத்து ஆகிவிடாது. சுழியும் வளைவும் அதில்தான் அதிகம். ட, ப, ம மூன்றும் பெரும்பாலும் நேர்கோடுகள். அவற்றை வைத்தே படம், மடம், பட்டம் என்று வாசிக்கவும் தொடங்கிவிடலாம்.

பென்சிலைப் பிள்ளை முழுக் கையால் இறுக்கிப் பிடித்தால் அதட்ட வேண்டாம். கிரேயானை 3 சென்டிமீட்டர் துண்டுகளாக ஒடித்து வண்ணம் தீட்டக் கொடுங்கள். அவ்வளவு சிறிய துண்டில் உள்ளங்கைக்கு இடமில்லை. மூன்று விரல்களும் தாமாகக் கூடிவிடும். அடுத்த பக்கத்தில் எழுத்தின் தடம் விழுகிறதா என்று தடவிப் பாருங்கள். விழுந்தால் இன்னும் அழுத்துகிறது என்று பொருள்.

பிப்ரவரி 27, வியாழன்

பிசைமாவு. 1 கப் கோதுமை மாவு, அரை கப் தூள் உப்பு, 1 தேக்கரண்டி எண்ணெய், அரை கப் தண்ணீர். தண்ணீரை மூன்று தவணையாக ஊற்றிப் பிசையுங்கள். சப்பாத்தி மாவு பதம் வந்ததும் நிறுத்திவிடலாம், மீதித் தண்ணீர் தேவைப்படாமலும் போகலாம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் இரண்டாம் நாள் பிசுபிசுக்கும். மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். எடுக்கும்போது ஒரு கரண்டி உலர்ந்த மாவைத் தூவிப் பிசைந்தால் பழைய பதம் திரும்பும். உப்பு மிக அதிகம், ஆகவே வாயில் வைக்க விடக்கூடாது.

மாவைக் கயிறாக உருட்டி ன, ண இரண்டையும் செய்யச் சொன்னோம். தாளில் ஒன்றுபோலத் தெரிகிற இரு எழுத்துகளும் கையில் வேறாகிவிடுகின்றன. இரண்டு சுழிக்குச் சிறிய கயிறு போதும், மூன்று சுழிக்குப் போதாது. அந்த வேறுபாடு மறப்பதில்லை.

மார்ச் 6, வியாழன்

எண்கள். முதலாம் ஆண்டில் 100 வரைதான், ஆனால் அதற்குள் மூன்று வழுக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது 13. மலாயில் மூன்றைச் சொல்லிவிட்டுத்தான் பத்தைக் குறிக்கும் 'பெலாஸ்' வரும்; ஆங்கிலத்திலும் மூன்றுதான் முதலில் காதில் விழும். அந்த ஒலி வரிசையில் எழுதினால் 31 ஆகிவிடும். தமிழில் பத்து முன்னால், மூன்று பின்னால்: பதின்மூன்று. எழுதும் வரிசையும் அதுவே. வீட்டில் ஆங்கிலத்தில் மட்டும் எண்ணிப் பழகிய பிள்ளைகள் இங்கே தடுமாறுகிறார்கள். படி ஏறும்போது, துணி மடிக்கும்போது தமிழில் எண்ணுங்கள். இது மொழிப்பற்றுக்காக மட்டும் சொல்வதல்ல, கணக்குக்கும் இது உதவுகிறது.

இரண்டாவது, இருபத்து மூன்றை 203 என்று எழுதுவது. பிள்ளை கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது: இருபது, பிறகு மூன்று. அழித்துவிட்டு 23 என்று எழுதிக் காட்டினால் நாளை அறுபத்து ஐந்து 605 ஆகும். இதற்கு அட்டைதான் மருந்து. 10 முதல் 90 வரையான பத்துகளுக்கு 10 சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்பது அட்டைகள், 1 முதல் 9 வரை 5 சென்டிமீட்டரில் ஒன்பது அட்டைகள். உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. 20 அட்டையின் சுழியத்தை 3 அட்டை சரியாக மறைக்க வேண்டும். மறைத்துப் பார், தூக்கிப் பார் என்று பிள்ளையே செய்யட்டும். சுழியம் தொலைந்து போகவில்லை, மூன்றின் அடியில் இருக்கிறது என்று அதுவே சொல்லும்.

மூன்றாவது தொண்ணூறு. ஒன்பதிலிருந்து வந்த சொல் என்றாலும் காதில் 'நூறு' விழுகிறது. எண்பத்தொன்பதுக்குப் பிறகு சில பிள்ளைகள் நேராக 100 எழுதிவிடுகிறார்கள். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, எட்டுக் கட்டும் ஒன்பது உதிரியும் வையுங்கள். இன்னொரு குச்சியைக் கொடுங்கள். உதிரி பத்தாகி ஒன்பதாவது கட்டு ஆகும். அந்த ஒன்பது கட்டுக்குப் பெயர்தான் தொண்ணூறு.

குச்சிகளைத் தூக்கிப் போடாதீர்கள். பிறகு 32இலிருந்து 7ஐக் கழிக்கும்போது, 2ஐ 7இலிருந்து எடுத்து 35 என்று எழுதும் பிழை வரும். கட்டை அவிழ்த்தால்தான் ஏழு கிடைக்கும் என்பதைக் கை கண்டுகொள்ள வேண்டும்.

மார்ச் 12, புதன்

மலாய்மொழிப் பாடம். இன்றைய பிழைகள் ஒரே குடும்பம்: தொப்பிக்கான சொல்லில் (topi) வல்லொலிக்குப் (p) பதில் மெல்லொலி (b) எழுத்து, கண்ணுக்கான சொல்லிலும் (mata) அதே, t-க்குப் பதில் d. கவனக்குறைவு என்று சிவப்பு மை போடுவதற்கு முன் பிழையின் வேரைப் பார்க்க வேண்டும். தமிழில் ப என்ற ஒரே எழுத்து இடத்தைப் பொறுத்து இரண்டு ஒலி கொடுக்கும். சொல்லின் நடுவில் தனித்து வந்தால் மெலிந்து ஒலிக்கும். பிள்ளை அந்த விதியை, யாரும் சொல்லித்தராமலே, மலாய்க்கும் கொண்டுபோகிறது. மலாயில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து.

பிள்ளைக்கு விளக்க மூன்று தமிழ்ச் சொற்கள் போதும்: கங்காரு, தந்தம், பம்பரம். ஒவ்வொன்றிலும் வல்லொலி முதலில், மெல்லொலி இரண்டாவதாக. 'பம்பரத்தின் முதல் ப-வா, இரண்டாவது ப-வா?' என்று கேட்டால் பதில் வந்துவிடும்.

வாய்க்கு முன் தாளைப் பிடித்து ஆடுகிறதா என்று பார்க்கும் உத்தி ஆங்கிலத்துக்கானது. மலாய் வல்லொலியில் மூச்சு அப்படிப் பீறிட்டு வராததால் தாள் அசையாது, பிள்ளை குழம்பும். தொண்டையில் விரல் வைக்கச் சொல்லுங்கள். மெல்லொலிக்கு உதடு திறப்பதற்கு முன்பே தொண்டை அதிரும்.

மலாயில் 'இரண்டு' (dua) என்ற சொல்லும் 'முதிய' (tua) என்ற சொல்லும் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டுமே 'துவா'தான். மலாய்ச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதிக் கொடுப்பதை இதற்காகவே நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். உதவியாகத் தெரிந்தாலும், வேறுபாட்டை அழிப்பது அதுதான்.

கடைக் கதவுகளில் 'இழு', 'தள்ளு' என்று மலாயில் ஒட்டியிருக்கும். திறக்கும் முன் பிள்ளை வாசிக்கட்டும். சரியாக வாசித்ததா என்பதைக் கதவே சொல்லிவிடும்.

மார்ச் 20, வியாழன்

வாசிப்பு. ஒரு பக்கத்தைத் தடையில்லாமல் சொல்கிற பிள்ளை வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா? படத்தைக் கையால் மறையுங்கள். கடைசி வரியை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். மூன்றிலும் தயங்கினால் அது மனப்பாடம். அதற்குக் கோபிக்க ஒன்றுமில்லை. புத்தகத்தை மாற்ற வேண்டும், அவ்வளவே.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். சொல்லில் தடுக்கினால் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெரும்பாலான அம்மாக்களும் அப்பாக்களும் ஒரு நொடியில் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை அதைத்தான் எதிர்பார்த்து முகத்தைப் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. ஆகவே எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். ஐந்து எண்ணியும் வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் ஒலித்துக் காட்டுங்கள்.

ஜார்ஜ்டவுனில் லெபு பாசார், லெபு குயின் தெருக்கள் பக்கம் போனால் கடைப் பலகைகளில் தமிழைப் பார்க்கலாம். பழக்கமில்லாத சொல், பெரிய எழுத்து, துணைக்குப் படமும் இல்லை. ஒப்பிக்கவே முடியாத வாசிப்பு அது.

ஏப்ரல் 9, புதன்

வகுப்பில் கடை வைத்தோம். முதலாம் ஆண்டில் பணம் 10 ரிங்கிட் வரை. நம் பேச்சில் ரிங்கிட்தான் 'வெள்ளி', சென்தான் 'காசு'.

வீட்டுக் கடைக்குக் காலி பிஸ்கட் பாக்கெட்டும் உண்மையான சில்லறையும் வேண்டும். பிளாஸ்டிக் காசு வேண்டாம். 5, 10 சென் வெள்ளி நிறம், 20, 50 சென் பொன்னிறம் என்பதைப் பிள்ளை தொட்டுப் பிரிக்கட்டும். ஐந்து 10 சென்னையும் ஒரு 50 சென்னையும் வைத்து எது அதிகம் என்று கேளுங்கள். பல பிள்ளைகள் ஐந்து நாணயங்களைத்தான் காட்டும், எண்ணிக்கையையே மதிப்பு என்று எடுத்துக்கொள்வதால். ஒரு வெள்ளிக்கு மூன்று விதமாகக் காசு அடுக்கச் சொன்னால் இது தெளியும்.

விலைச்சீட்டில் 2.99 வேண்டாம். 2008 ஏப்ரலிலிருந்து கடையில் மொத்தத் தொகையை 5 சென்னுக்கு முழுமையாக்குகிறார்கள். 1 சென் காசைப் பிள்ளை பார்த்தே இராது. 1 வெள்ளி 30 காசு, 2 வெள்ளி 50 காசு என்று வையுங்கள்.

மீதிச் சில்லறையைக் கழித்தல் கணக்காகச் செய்ய வைக்காதீர்கள். ஏறி எண்ணட்டும்: 1.30க்கு 20 சென் வைத்தால் 1.50, அதற்கு 50 சென் வைத்தால் 2 வெள்ளி. கையில் வைத்த 70 சென்தான் மீதி. சிற்றுண்டிச்சாலையில் ஓய்வு நேரத்தில் பின்னால் வரிசை நிற்கும்போது இந்த வழிதான் உதவும்.

எழுத்தில் ஒரு பிழை: 1 வெள்ளி 5 காசை 1.5 என்று எழுதுவது. புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இடம்.

ஏப்ரல் 24, வியாழன்

சொல்வதெழுதுதல். 'கொடி', 'தேன்' இரண்டிலும் கொம்பு இடம் மாறியிருந்தது. காரணம் எளிது: 'கொ' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது க். எழுதும்போது கையில் முதலில் வருவது கொம்பு. காது சொன்ன வரிசையில் எழுதினால் பிழையாகும். எழுதுமுன் 'கொம்பு இருக்கிறதா?' என்று பிள்ளை தன்னையே கேட்கப் பழக்குங்கள்.

உகரத்தை அகர வரிசையில் படிக்க வைத்தால் பதினெட்டும் பதினெட்டு விதமாகத் தெரியும். உருவத்தால் பிரித்தால் மூன்றே வகை. கோடு கீழே இறங்குவது: ஙு, சு, பு, யு, வு. சுற்றி வளைவது: கு, டு, மு, ரு, ழு, ளு. வலப்பக்கம் வளைந்து ஏறுவது: ஞு, ணு, து, நு, லு, று, னு. வகைக்கு ஒரு நாள். மூன்றாம் வகை மட்டும்தான் நெடிலில் துணைக்கால் போல ஒன்றைப் பெறும்: தூ, நூ, லூ. அதைப் பார்த்துப் பழகிய பிள்ளை 'பு'வுக்குப் பக்கத்திலும் கால் போடும். பிழைதான், ஆனால் யோசித்துச் செய்த பிழை. 'பூ' வேறு வகை என்று வகைப் பட்டியலைக் காட்டுங்கள்.

தவறிய சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பிள்ளை எப்படி எழுதுகிறது என்று ஒருமுறை அருகிலிருந்து பாருங்கள். முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து, பிறகு இரண்டாம் எழுத்தைப் பத்து. சொல்லை ஒருமுறைகூட எழுதவில்லை! பார்த்து ஒருமுறை, மூடிவிட்டு இருமுறை, திறந்து தானே திருத்தல். மறுநாள் காலையில் ஒருமுறை, இரண்டு நாள் கழித்து இன்னொருமுறை. ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம்.

மே 6, செவ்வாய்

படத்தைப் பார்த்து வாக்கியம். 'அம்மா கடைக்குப் போனாங்க' என்று சொன்ன பிள்ளை அப்படியேதான் எழுதும். அதைத் தப்பு என்று சொல்லாதீர்கள். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். 'இது பேச்சுச் சட்டை, எழுத்துச் சட்டை எது?' என்று கேட்டால் 'அம்மா கடைக்குச் சென்றார்' வரும். வராவிட்டால் எழுத்து நடை இன்னும் காதில் ஏறவில்லை என்று பொருள். இரவில் ஒரு கதையை, எழுதியிருக்கிறபடியே, பேச்சுக்கு மாற்றாமல் வாசித்துக் காட்டுங்கள். வலி மிகும் இடங்களை இப்போது திருத்த வேண்டாம்.

புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) 'எத்தனை புள்ளி?' என்று பெற்றோர் மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வு இல்லை. வகுப்புசார் மதிப்பீட்டில் ஆறு நிலைகள்தான் உண்டு. ஆசிரியரைச் சந்திக்கும்போது கேட்க வேண்டியவை வேறு: எந்த உயிர்மெய் வரிசையில் தடுமாறுகிறது, எந்தப் பத்தைத் தாண்டும்போது நிற்கிறது, மலாயில் எந்த ஒலி மாறுகிறது. வரும்போது வீட்டில் யாரும் திருத்தாமல், அழிப்பான் படாமல் பிள்ளை எழுதிய ஒரு பக்கத்தைக் கொண்டுவாருங்கள்.