விளம்பரம் வராத வேலைகள்

வளாகத் தேர்வில் இடம் கிடைக்காமல் இயந்திரப் பொறியியல் பட்டத்துடன் வெளியே வந்த காலத்தில், நான் வேலை தேடியது அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில்தான். வாகன நிறுவனங்களுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் அத்தகைய இடங்களில் பலவற்றில் கொள்முதல், கணக்கு, டெலிவரி என அனைத்தையும் முதலாளி ஒருவரே பார்த்துக்கொள்வதால், ஆள் போதவில்லை என்பதே சரக்கு ரிஜெக்ட் ஆகித் திரும்பும்போதுதான் அவருக்கு உறைக்கிறது. அப்போதும் அவர் விளம்பரம் தருவதில்லை, தெரிந்தவர்களிடம் சொல்லிவைக்கிறார்.

பயோடேட்டாவை வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டு வருவதால் பயன் ஏதுமில்லை. உள்ளே சென்று யாரிடம் பேசுவது என்பதைவிட, எதைப் பற்றிப் பேசுவது என்பதே முக்கியம் என்று எனக்குப் பட்டது. புதிய பாகம் ஒன்றைத் தொடர்ந்து வாங்கத் தொடங்குமுன், அதைத் தரம் மாறாமல் செய்து தர முடியும் என்று காட்டும் பி.பி.ஏ.பி. எனப்படும் ஆவணத் தொகுப்பைப் பெரிய நிறுவனங்கள் கேட்கும். அளவுச் சோதனை அறிக்கை, எந்தக் கட்டத்தில் எதை எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் கன்ட்ரோல் பிளான், எங்கே என்ன பிழை நேரலாம் என்று முன்கூட்டியே ஆராயும் எஃப்.எம்.இ.ஏ. எல்லாம் அதில் அடங்கும். பகல் முழுதும் இயந்திரங்களுக்கு இடையே அலையும் குவாலிட்டி மேற்பார்வையாளர், இவற்றை இரவில் உட்கார்ந்து நிரப்பும் நிலைதான் பல பட்டறைகளில் உண்டு. ஆகவே, மாத இறுதியின் டிஸ்பாட்ச் நெருக்கடி ஓய்ந்த ஒரு முற்பகலில் ஒரு முதலாளியைச் சந்தித்தபோது, அதையே பேச்சாக எடுத்தேன்.

“வேகன்சி எதுவும் இல்லையே, தம்பி.”

“பரவாயில்லை சார். இங்க பி.பி.ஏ.பி. பேப்பர் எல்லாம் யார் சார் ரெடி பண்றாங்க?”

அவர் பதில் சொல்லாமல், மேசைமீதிருந்த ஷாஃப்ட் எனும் உருளைத் தண்டு ஒன்றையும், நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரையும் என் பக்கம் தள்ளினார். நான் அளவெடுக்கும் முகங்களைத் துடைத்து, ஜீரோ சரிபார்த்து, அழுத்தம் மிகாமல் காக்கும் ராட்செட் திருகைப் பிடித்துத் திருகி, ஒரே விட்டத்தை மூன்று இடங்களில் அளந்து டிராயிங்கோடு ஒப்பிடும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். மதிப்பெண் பட்டியலை அவர் கேட்கவேயில்லை. நான்காண்டுப் படிப்பில் ஆய்வகத்தில் கழிந்த சில மணி நேரம்தான் அன்று கைகொடுத்தது என்பதில் எனக்குச் சிறு வருத்தமும் உண்டு.

சம்பளப் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கருத்து. “கொஞ்ச நாள் வந்து கத்துக்கோ” என்று ஊதியமின்றி வேலை வாங்கும் இடங்களும் உண்டு. அதற்கு முன்பே அப்படி ஓர் இடத்திலிருந்து நான் விலகி வந்திருந்தேன். அதனால் இம்முறை பட்டதாரி அப்ரண்டிஸ் திட்டத்தை நானே எடுத்துச் சொன்னேன். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில் 1973இல் செய்யப்பட்ட திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் அதற்குள் கொண்டுவந்தது; பயிற்சி ஓராண்டு; குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. மீதிப் பாதியைத் தருவதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. பதிவுக்குரிய தாள்களையும் நானே நிரப்பித் தர வேண்டும் என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை.