பேனோடு ட்ராப்பும் போகட்டும்

கழிப்பறையில் குத்தவைத்து உட்காரும் பழைய ஒரிசா பேனை எடுத்துவிட்டு, நாற்காலி மாதிரி உட்காரும் வெஸ்டர்ன் க்ளோசெட் வைக்கும் வேலை, பெரியவர்களுக்கு முட்டி வலி வந்த எல்லா வீட்டிலும் ஒருநாள் வந்து நிற்கும். அவிநாசி, பல்லடம் பக்கம் முகூர்த்த மாதங்களில் பிளம்பர் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிரகப்பிரவேச வீடுகளுக்கே ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கூப்பிட்டால் நிதானமாக வந்து பார்ப்பார்கள்.

ஹார்டுவேர் கடையில் கேட்டால் நம்பர் கொடுப்பார்கள்தான். அதைவிட, அதே வீதியில் மூன்று நான்கு வருடத்துக்கு முன்னால் இந்த வேலையைச் செய்து, இன்றுவரை திட்டு வாங்காத ஆள் யார் என்று விசாரிப்பது மேல். வந்தவரிடம் கூலி பேசுவதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுவிடலாம்: "பழைய ட்ராப்ப என்னங்ணா பண்ணுவீங்க?"

"அது கெடக்குட்டுமுங்க. மேல க்ளோசெட்ட வெச்சு வெள்ளை சிமெண்ட் பூசிட்டா அரை நாள்ல முடிஞ்சுதுங்க" என்று பதில் வந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

காரணம் இதுதான். ஒரிசா பேனுக்கு அடியில் ட்ராப் என்கிற வளைந்த குழாய் தனி உருப்படியாகப் புதைந்திருக்கும். அதில் சுமார் 50 மி.மீ. தண்ணீர் எப்போதும் நின்று நாற்றத்தைத் தடுக்கும். வெஸ்டர்ன் க்ளோசெட்டில் ட்ராப் உள்ளேயே வளைந்திருக்கிறது. பழையதை எடுக்காமல் மேலே உட்கார வைத்தால் ஒரே லைனில் இரண்டு ட்ராப். நடுவில் மாட்டிய காற்றுக்கு மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர், போக வழியில்லை. ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் விளிம்புவரை ஏறி, குடுகுடுவென்று குமிழி விட்டு மெதுவாக இறங்கும். ஃப்ளஷ் டேங்க்தான் கோளாறு என்று அதன் சாமான்களை இரண்டு தடவை மாற்றிய பிறகுதான் பலருக்கு விஷயம் புரிகிறது. அதற்குள் ட்ராப் டைலுக்கு அடியில் போயிருக்கும்.

ட்ராப்பை எடுத்ததும் வெளியே போகும் 4 அங்குல லைன் தெரியும். பழைய வீடுகளில் அது ஸ்டோன்வேர் குழாயாக இருக்கும். பிவிசியும் சிமெண்டும் ஒட்டாது. அதனால் பிவிசி முனையில் சால்வென்ட் பசை தடவி, ஈரம் காயுமுன் மணலைத் தூவிச் சொரசொரப்பாக்க வேண்டும். பிறகு சிமெண்ட் பாலில் நனைத்த சணலை இடுக்கில் திணித்து, ஒன்றுக்கு ஒன்று கலவையால் அடைக்க வேண்டும். இந்த இடத்தில் சோம்பினால் சுவரின் மறுபக்கம் ஓதம் காட்டும்.

வெளி லைனையும் மாற்றுவதாக இருந்தால் தோண்டும் கூலியைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒன்றரை அடிக்குக் கீழே சுக்காம்பாறை வந்துவிட்டால் கடப்பாரை வேலை ஒரு நாளையே விழுங்கிவிடும். குழாயின் வாட்டம், அதாவது சரிவு, 10 அடிக்கு இரண்டரை அங்குலம். காற்றுக் குழாய் இல்லாத லைன் என்றால் இதோடு சேர்த்து ஒன்று ஏற்றிவிடலாம்.

க்ளோசெட்டை வாங்கிவந்த பிறகு அளப்பது பெரிய தப்பு. தரையில் இறங்குவது எஸ் ட்ராப், சுவருக்குள் போவது பி ட்ராப். எஸ் ட்ராப்பில் சுவரிலிருந்து ஓட்டையின் நடுப்புள்ளிவரை உள்ள தூரம் 4, 9, 12 அங்குலம் என்று மாடலுக்கு மாடல் மாறும். இந்த அளவு டைலின் முகத்திலிருந்து எடுப்பது, பூச்சிலிருந்து அல்ல. டைல் இன்னும் ஒட்டவில்லை என்றால், 9 அங்குல மாடலுக்கு ஒரு அங்குலம் கூட்டி 10-இல் பெண்ட் எனும் வளைகுழாயைத் தூக்கி நிறுத்த வேண்டும். இதை மறந்த வீடுகளில் டேங்க் சுவரில் முட்டி, க்ளோசெட் கோணலாக உட்கார்ந்திருக்கும். நடுப்புள்ளியிலிருந்து பக்கச் சுவருக்கு 15 அங்குலமும், முன்னால் கால் வைக்க இரண்டடியும் இருக்கிறதா என்றும் பாருங்கள். உட்காரும் உயரம் 16, 17 அங்குலம் இருந்தால் வயதானவர்கள் எழுந்திருக்கச் சுலபம்.

குழியை மூடுமுன் லைனின் கடைசி முனையை அடைத்து, பெண்டின் வாய்வரை தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்காவிட்டால்தான் வாட்டர்புரூஃப் பூச்சு, அப்புறம் கல், டைல்.

டைல் இறுகிய மறுநாள் க்ளோசெட். பைப்பைத் தரை மட்டத்துக்கு அறுத்து, வாயில் ரப்பர் காலர் போட்டு இறக்கி, ரசமட்டம் பார்த்து ஓட்டைகளைக் குறிப்பார்கள். டைலில் முதலில் டிரில்லை ஹேமர் மோடில் போடாமல் துளைக்கச் சொல்லுங்கள். போல்ட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் பீங்கான் விரிசல் விடும். சிமெண்டைக் கொட்டி அதன்மேல் உட்கார வைப்பதும் வேண்டாம். விரிசல் அதனாலும் வரும். நாளைக்குக் கழற்ற வேண்டுமென்றால் உடைத்துத்தான் எடுக்க முடியும். சுற்றிலும் சிலிகான் போதும். பின்பக்கம் மட்டும் ஒரு அங்குலம் விட்டுவிட்டால், அடியில் கசிந்தால் அந்த வழியாக வெளியே தெரியும்.

தண்ணீர் லைனுக்கு அரை அங்குல ஆங்கிள் காக் (சுவரில் மாட்டும் சின்னக் குழாய்), கனெக்‌ஷன் ஹோஸ். சுவருக்குள் வரும் சிபிவிசி முனையில் பித்தளை மரை வைத்த எல்போ கேளுங்கள். பிளாஸ்டிக் மரையில் ஆங்கிள் காக்கை முறுக்கினால் மரை வெடித்து, டைலை உடைக்க வேண்டியதாகும்.

எந்தத் தண்ணீரை டேங்குக்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு உப்புத் தொல்லை குறைவு. போர்த் தண்ணீர், அதாவது சப்பத் தண்ணீர், டேங்கை நிரப்பும் ஃபில் வால்வின் சின்ன வலையில் வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்துவிடும். ஃப்ளஷ் வாஷர் சரியாக உட்காராமல் ஒழுகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வலையைக் கழற்றி வினிகரில் ஊற வைத்தால் போதும். ஆசிட் ஊற்றாதீர்கள், குரோம் பூச்சு உரியும், செப்டிக் டேங்கில் கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிரும் சாகும். ஒழுகுகிறதா என்று பார்க்க டேங்கில் நாலு சொட்டு நீலம் விட்டு, இருபது நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பைக்குள் நீலம் இறங்கியிருந்தால் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம்.

லைன் அடைத்திருக்கிறது என்று பிளம்பரைச் செப்டிக் டேங்குக்குள் இறங்கச் சொல்லக் கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்; அதைவிட, விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். லாரி வைத்து உறிஞ்சுவதுதான் வழி.

உடைத்த கல்லை மூட்டை கட்டி அகற்றுவது யார், டைல் ஒட்டுவது யார் என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். சாமானுக்கு நீங்களே போய் பில் போட்டு வாங்குங்கள். கூலியில் ஒரு பங்கை ஒரு வாரம் நிறுத்தி வைப்பதாகவும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்ல பிளம்பர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த ஒரு வாரமும் ஆங்கிள் காக்குக்கு அடியிலும் க்ளோசெட்டின் பின்பக்கத்திலும் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் தாள் மொறமொறவென்று இருந்தால் பாக்கியைக் கொடுத்துவிடலாம்.